மூன்று நிமிடம்

வெட் புளூ தோலில் ஒரு துண்டு வெட்டி
தாளில் வைத்து ஓரம் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு
கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிடம் விடவேண்டும்.
எடுத்துத் திரும்ப அந்த இடத்தில் வைத்தால்
கோட்டுக்கும் தோலுக்கும் நடுவே வெள்ளை தெரியக் கூடாது.
தெரிந்தால் சுருங்கிவிட்டது,
குரோமியம் உள்ளே இறங்கவில்லை,
லாட் தேறாது.
இவ்வளவுதான் என் உத்தியோகம்.
இதுக்கு எதுக்குடி எம்.எஸ்ஸி. என்றாள் அம்மா.
வேணும் என்றேன்.

முதல் சம்பளத்தில்
ஆற்காட்டிலிருந்து மக்கன்பேடா ஒரு கிலோ
ராணிப்பேட்டைக்குக் கொண்டுபோனேன்.
சம்பங்கி சார் இரண்டு எடுத்தார்,
சுகர் இருக்கு, இருந்தாலும் பரவால்ல என்று.
"ரேணுகா, உனக்குக் கைராசி" என்றார்.
அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

ஆறு மாதம் கழித்து தேசிங்கு வந்தான்.
பிப்பெட்டை எந்த முனையில் பிடிப்பது என்று
நான்தான் காட்டினேன். நல்ல பையன்.
நான் டிரெய்னி, அவன் அசிஸ்டன்ட் கெமிஸ்ட்.
ஒருநாள் சம்பளச் சீட்டை மேசைமேல் விட்டுப் போனான்.
பார்க்கக் கூடாதென்று தலையைத் திருப்புவதற்குள்
பார்த்துவிட்டேன்.
ஏழாயிரத்து ஐந்நூறு வித்தியாசம்.
"அவன நைட்டுக்குப் போடலாம்மா,
உன்னப் போட முடியுமா?" என்றார் சார்.
ஒரு நைட்டுக்கும் அவனைப் போடவில்லை.

லாட் முந்நூற்றுப் பதினெட்டு.
துண்டு கருவாடு மாதிரி சுருண்டது.
'தேறாது' என்று எழுதி நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கப்பல் வியாழக்கிழமை.
இன்னொரு துண்டு வெட்டிப் பாரு."
இன்னொன்றும் சுருண்டது.
"சரி, நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்.

பதினான்கு மாதத்தில்
என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒருமுறை,
சரக்கு திரும்பி வந்த அன்று, மெமோவில்.
ரிப்போர்ட்டுகள் எல்லாம் அவர் பெயரில்.
தவறு மட்டும் செல்வி மு. ரேணுகாதேவி,
புள்ளி கமா எதுவும் விடாமல்.

பாத்ரூமில் போய் அழுதேன் என்று எழுத ஆசைதான்.
எங்கள் கட்டடத்தில் லேடீஸ் பாத்ரூம் இல்லை.
சுண்ணாம்புக் குடோன் தாண்டிப் போகணும்,
போய்ச் சேர்வதற்குள் அழுகை நின்றுவிட்டது.

இருபத்துநாலு மணி நேரத்துக்குள் விளக்கம்.
முத்துக்கடையில் பஸ் ஏறி
பாலாற்றுப் பாலம் முடிவதற்குள் மனதில் எழுதிவிட்டேன்,
வீட்டில் தாளில் எழுதினால் வேறு மாதிரி வந்தது.
முதல் பிரதியில் மக்கன்பேடா வந்தது. அடித்தேன்.
இரண்டாவதில் தேசிங்கு. அவன் பாவம். அடித்தேன்.
மூன்றாவதில் பாத்ரூம்.
அதை அடிக்க மனசில்லை,
வேறொரு தாளில் தனியாக எழுதி எடுத்து வைத்தேன்.
கடைசியில் மிஞ்சியது
தேதி, லாட் எண், நேரம்,
'துண்டுகள் இரண்டும் கோடுபோட்ட தாள்களும்
இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.'

ஆம், வைத்திருந்தேன்.
எதையும் எறியாத கெட்ட பழக்கம் எனக்கு,
பஸ் டிக்கெட்கூடப் பையில் கிடக்கும்.

ஜெராக்ஸ் கடைப் பையன்
கறுப்பாய் விழுந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இன்னா மேடம் இது, காதா?"
ஆமாம் என்றேன். ரெண்டு காப்பி போடு.

மூன்று வாரமாகிறது. பதில் இல்லை.
மெமோ திரும்பப் போகவும் இல்லை,
சம்பளம் ஏறவும் இல்லை.
தேசிங்கு மட்டும் நேற்று டீ வாங்கிவந்து
என் மேசையில் வைத்துவிட்டு
எதுவும் பேசாமல் போனான்.

இன்று லாட் முந்நூற்று நாற்பத்தொன்று.
வெட்டினேன். தாளில் வைத்தேன்.
சுற்றிக் கோடு போட்டு, கீழே தேதி,
பக்கத்தில் என் முழுக் கையெழுத்து.
சம்பங்கி சார் எட்டிப் பார்த்தார்.
"பேனாவுலயா போடற? பென்சில் இல்ல?"
"இருக்கு சார்" என்றேன்.

தண்ணீர் கொதித்திருந்தது.
துண்டைப் போட்டுவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தேன்.