முஹர்ரக்கில் சைக்கிளுக்கு உடுத்துவது

மூக்குக்கண்ணாடிதான் முதலில் தோற்றது.
ஏசி அறையைவிட்டு வெளியே வந்ததும்
காலை நாலரை மணிக்கு
இரண்டு வில்லையிலும் பால் ஊற்றிய மாதிரி ஆவி.
படியில் நின்று துடைக்கிறேன். படிகிறது.
துடைக்கிறேன்.
சைக்கிள் சுவரில் சாய்ந்து காத்திருக்கிறது
வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்போல.

நாற்பத்திரண்டு வயதில் சைக்கிள் வாங்குகிறவளுக்கு
எதை உடுத்துவது என்று சொல்ல ஆளில்லை.
வேண்டாம் என்று சொல்லத்தான் நிறையப் பேர்.
முதல் வெள்ளிக்கிழமை சுடிதாரில் போனேன்,
துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்து,
எல்லாம் யோசித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு.
துப்பட்டா ஒரு பாவமும் செய்யவில்லை.
வலதுகால் பாட்டம்தான்
சங்கிலிக்குள் ஒரு முழம் போயிருந்தது.
அராத் கடலோரத்தில், ஒற்றைக்காலில்,
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நான்.

குப்பூஸ் கட்டுகளோடு வந்த ஆள் இறங்கினான்.
ஷஃபிகுல் என்ற பெயர் பிறகு தெரிந்தது.
"பெடல் உல்டா" என்றான்.
பின்னோக்கிச் சுற்றச் சுற்ற
எண்ணெய்ப் பற்கள் துணியைக் கொஞ்சங் கொஞ்சமாய்த் துப்பின.
தன் கணுக்காலிலிருந்து பச்சை கிளிப்பைக் கழற்றினான்,
துணி காயப்போடுகிற அதே கிளிப்.
என் கையில் வைத்துவிட்டு
கால்சட்டையை சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினான்
ரொட்டி ஆறுமுன்.

பிறகுதான் குதைபியாவில் அந்தக் கடை.
அடியில் பஞ்சுமெத்தை தைத்த கால்சட்டையை
ஜெரிக்கோ என்ற பிலிப்பினோ பையன் எடுத்துக் காட்டினான்.
இன்னும் ஏதோ சொல்ல வந்து, காது சிவந்து,
பில்லின் பின்புறம் எழுதி நீட்டினான்:
உள்ளே வேறெதுவும் அணியக் கூடாது.
தம்பி, நாளொன்றுக்கு அறுபது பேரிடம்
சிறுநீர்க் குப்பியை நீட்டுகிறவள் நான்.
எனக்கென்ன கூச்சம்.
இருந்தாலும் பில்லை நாலாக மடித்து
பையின் அடியில் போட்டேன்.

மேலே தளர்வாக ஒரு ட்ராக் பேண்ட்.
அது ஜெரிக்கோ சொன்னதில்லை.
திருப்பத்தில் ஒரு பேச்சிலர் கட்டடம்,
அத்தனை ஜன்னலுக்கும் விடியலில் தூக்கம் வருவதில்லை.

சட்டையின் லேபிளில் எழுதியிருக்கிறது:
வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும்.
எந்த வெளிக்கு?
ஆகஸ்டில் இங்கே காற்றே நனைந்த துண்டு.
இன்னொருவர் வியர்வைக்கு அதில் இடமில்லை.
பாலத்தை எட்டுவதற்குள் முதுகோடு ஒட்டி,
திரும்பி வரும்போது உப்பால் ஒரு கடற்கரை வரைந்திருந்தது.
அடுத்த முறை ஒரு அளவு பெரிதாக வாங்கினேன்.
வெள்ளை. முழுக்கை.
துணிக்கும் தோலுக்கும் நடுவே
சும்மா நுழைந்து போக கொஞ்சம் காற்றுக்கு வழி.

ஹெல்மெட்டுக்கும் கொண்டைக்கும் ஒத்துவரவில்லை.
ஒற்றைப் பின்னலுக்கு மாறினேன்.
எண்பது தினார் சைக்கிளைப் பற்றி வாயே திறக்காத தேவசகாயம்
பின்னலைப் பற்றி இரண்டு நாள் பேசினார்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறதாம்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீர்ப் புட்டியைப் பாதி நிரப்பி
ஃப்ரீசரில் படுக்கவைக்கிறேன் இரவில்.
பின்சக்கரத்துக்கு மேலே சிவப்பு விளக்கு,
பகலிலும் எரியட்டும்.
லாரிக்காரன் என்னைப் பார்க்க வேண்டும்,
வேறு யாரும் பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.

ஷஃபிகுலுக்கு ஒரு டஜன் கிளிப் வாங்கிப்போனேன்.
நிறங்களைப் புரட்டிப் பார்த்து
ஊதாவை மட்டும் எடுத்துக்கொண்டான்.
மிச்சம் பதினொன்றில்
என் வீட்டுத் துணிகள் காய்கின்றன.
பச்சை கிளிப் அந்தக் கொடிக்குப் போகாது.
ஒருநாள் அதைக் கழற்ற மறந்து பணிக்குப் போய்விட்டேன்.
ஊசிக்குப் பயந்து தரையையே பார்த்திருந்த கிழவர்
"இது எதற்கு?" என்றார் அரபியில்.
பதில் சொல்லி முடிப்பதற்குள்
மூன்று குழாய் ரத்தம் எடுத்தாகிவிட்டது.

கண்ணாடிக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.
துடைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.
படியில் இரண்டு நிமிடம் சும்மா நிற்கிறேன்.
வில்லை சூடாகச் சூடாக
முதலில் தெருவிளக்கு,
அப்புறம் குப்பைத்தொட்டி மேல் பூனை,
அப்புறம் ஹேண்டில்பார்.