இரண்டாம் சிலிண்டர்

மெகல்லன் நீரிணை, அதிகாலை மூன்றேகால்.
ஆறில் ஐந்து சிலிண்டர்கள்
நானூற்று இருபதைத் தாண்டிச் சிவந்திருந்தன.
"நாலாவதுதான் திருடன்" என்றான் ஓவிடியோ,
மாற்று இன்ஜெக்டரை மடியில் கிடத்தியபடி.

யஸ்னா பதில் சொல்லவில்லை.
இரண்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இருநூற்றுப் பத்து.
கூச்சலில்லை, அலாரமில்லை,
கடைசி பெஞ்சுக்காரனின் சமர்த்து.

முதலில் சென்சாரைச் சந்தேகித்தாள்.
ஒன்றின் சென்சாரை இரண்டுக்கும்
இரண்டின் சென்சாரை ஒன்றுக்கும் மாற்றிப் போட்டாள்.
குளிர் இடம் மாறவில்லை.

பிறகு கையுறையைக் கழற்றி
டீசல் குழாயில் விரல் வைத்தாள்,
நாடி பார்ப்பவளைப் போல.
ஒன்றில் துடிப்பு.
மூன்றில் துடிப்பு.
இரண்டில்

பம்பின் ரேக் ஒட்டிக் கிடந்தது.
காய்ந்த பிசின், ஒரு சிட்டிகை.
அதன் பங்கைச் சுமந்துதான்
மற்ற ஐந்தும் வெந்துகொண்டிருந்தன.

வேகம் குறைக்கச் சொல்லி பிரிட்ஜுக்கு போன்.
எண்ணெய் விட்டாள், தட்டினாள், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்,
அசைந்தது.
இருநூற்று அறுபது.
முந்நூற்றுப் பத்து.
நாலாவது ஒருவழியாக இறங்கத் தொடங்கியது.

ஓவிடியோ இன்ஜெக்டரைத் துடைத்து
பெட்டிக்குள் வைத்தான்,
அதைப் பார்க்காமலே.
மேல்தளத்து லாரியில் ஆடுகள் கத்தின.
போர்வெனீருக்கு இன்னும் ஒரு மணி நேரம்.