நூற்றெண்பது நாள்

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவளுக்குக்
கூரை ஒரு தீராத பாக்கி.
வாடை ஒரு பக்கம் தின்னும்.
கச்சான் வந்து மறுபக்கம் தின்னும்.
நடுவில் மிஞ்சியதை உள்ளிருந்து
அமோனியா.

இந்த வருடம் ஆணி கழன்ற இடமெல்லாம் ஓட்டை.
பகல் பன்னிரண்டுக்கு
வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கி
பாளங்களில் குழி பறித்தது.
கிரஷரில் நிற்கிற வில்லாயுதம் அண்ணாந்து பார்த்து,
"மேல சல்லடை, கீழ சர்பத்துக்கா" என்றான்.

கேணிக்கரையில் ஆடிட்டர் மஹ்மூதா
கேட்டது ஒரே கேள்வி:
"தகடு மாத்துறீங்களா, கூரை மாத்துறீங்களா?"

இரண்டும் ஒன்றில்லையாம்.
போன தகட்டுக்கு அதே தகடு வைத்தால் பழுதுபார்ப்பு,
முழுத் தொகையும் இந்த வருடமே கழியும்.
இரும்புச் சட்டத்தை மூன்றடி உயர்த்தி
வெப்பம் தடுக்கிற தகடு போட்டால்
அது சொத்து.
சோலார் ஏற்றினால் அதற்குத் தனி விகிதம்,
அதைப் பிறகு பார்ப்போம் என்றார்.
சொத்து மெதுவாகத்தான் கழியும்.
நூற்றுக்குப் பத்து,
மறுவருடம் மிஞ்சிய தொண்ணூறில் பத்து விழுக்காடு,
அதற்கடுத்து எண்பத்தொன்றில்.
"எப்ப முடியும்?"
"முடியாது. குறைஞ்சுக்கிட்டே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபது வருடம் கழித்தும் காகிதத்தில்
நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூரை நிற்கும்.
உப்புக்காற்றின் விகிதம் வேறு.
ஏழாம் வருடம் ஆணியின் கழுத்தைக் கடிக்கும்,
எட்டாம் வருடம் தகட்டைக் கேட்கும்.
அதனிடம் யாரும்
படிவம் வாங்கியதில்லை.

பழுது என்றே எழுதிவிடலாமா?
நாக்கு நுனிவரை வந்தது.
ஆனால் உருகி வாய்க்காலில் ஓடுகிற ஐஸுக்கு
எந்தப் பிரிவிலும் கழிவு கிடையாது.
உயர்த்துவோம் என்றேன்.

அப்போதுதான் அவர் காலண்டரைத் திருப்பினார்.
"அக்டோபர் மூணுக்குள்ள கூரைக்குக் கீழ வேலை நடக்கணும்.
மார்ச் கடைசிவரை நூத்தியெண்பது நாள்.
ஒரு நாள் குறைஞ்சாலும் இந்த வருசம்
பத்து இல்ல, அஞ்சு."

செப்டம்பரில் சட்டம் நின்றது.
தகடும் வந்து இறங்கியது.
துருப்பிடிக்காத ஆணி மட்டும் வரவில்லை.
சாதா ஆணியில் முடிச்சிரலாமா என்றார்
பரமக்குடி சோணைமுத்து.
சாதா ஆணியின் கதையை
எட்டு வருடம் படித்தவள் நான்.

மூன்றாம் தேதி போனது.
பதினேழாம் தேதி ராத்திரி
சட்டத்துக்கும் வானத்துக்கும் நடுவே
ஒன்றுமில்லாத கூடத்தில்
கொண்டல் காற்றோடு மழை நுழைந்தது.
பாளங்களின் மேல் தார்ப்பாய்.
தார்ப்பாய் பறக்காமலிருக்க
அதன்மேல் எட்டுப் பேர்.
தலையில் மழை,
உட்கார்ந்த இடத்தில் ஐஸ்.
விடியும்வரை யாரும்
வரியைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் ஆறு, கடைசி ஆணி.
சோணைமுத்து பில் புத்தகத்தை விரித்துப்
பேனாவை நிறுத்தினார்.
"தேதி செப்டம்பர் முப்பதுன்னு போட்டுரவா?
எல்லாருக்கும் போடுறதுதான்."

மனக்கணக்குப் போட்டேன்.
மிச்சமாகிற வரி
ரெண்டு விசைப்படகுக்கு
ஒரு மாத ஐஸ்.
சிறிய தொகையில்லை.
கிரஷர் பக்கம் வில்லாயுதம் இருமினான்.
அந்த ராத்திரிச் சளி
இன்னும் இறங்கவில்லை.
செப்டம்பர் முப்பது என்று எழுதினால்
அவன் எந்தக் கூரைக்குக் கீழ் நனைந்தான்?

"ஆறுன்னே போடுங்க."
ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதினார்.

மஹ்மூதா பில்லை இரண்டுமுறை படித்தார்.
ஒன்றும் சொல்லாமல்
ஐந்து என்று குறித்துக்கொண்டார்.

இப்போது நண்பகலிலும் உள்ளே இருட்டு.
முதல் வாரமே வில்லாயுதம்
பாளத்தில் முழங்காலை இடித்துக்கொண்டான்.
பகலெல்லாம் இனி லைட் எரியவேண்டும்.
அந்தச் செலவு
அந்தந்த வருடமே முழுதாகக் கழியுமாம்.