காந்தம் நிற்காத இடம்

"பெயின்ட்டுக்குக் கொண்டா, ஆனா
கழட்டிட்டுக் கொண்டா" என்றார் கஜபதி.
கூலி மிச்சம்.
இரண்டு ஞாயிறாகப்
பெரம்பூர் பார்க்கிங்கில்
தொண்ணூற்றெட்டு ஜென்னோடு மல்லுக்கட்டுகிறேன்.

பம்பர், பீடிங், கைப்பிடி, லைட்டு.
திருகுகளெல்லாம் காலித் தயிர்க் கப்புகளில்.
மூடிமேல் மார்க்கரில்
'இடது கதவு, கீழே'
'தெரியலை'
'இதுவும் தெரியலை'.

கதவு அட்டையைப் பெயர்த்தால்
உள்ளே நேர்கோடாய் வெள்ளத்து வண்டல்.
விற்றவர் சொன்னது ஞாபகம்:
"தண்ணியே பார்க்காத வண்டி சார்."

ஃப்ரிட்ஜில் இருந்த தர்பூசணிக் காந்தத்தை
வண்டி முழுக்க வைத்துப் பார்க்கிறேன்.
கூரையில் நிற்கிறது.
பானெட்டில் நிற்கிறது.
இடது ஹெட்லைட்டுக்குச் சற்றுப் பின்னால்
வழுக்கி விழுகிறது.
மறுபடி வைத்தேன்.
ஒரு சாண் அகலத்துக்கு விழுந்துகொண்டே இருந்தது.

தண்ணீர் தெளித்து எமரி போட்டேன்.
வெள்ளிக்குக் கீழே இன்னொரு வெள்ளி,
அதன்கீழ் பட்டி
மஞ்சளாய்க் குழைந்து என் கால்மேல் வழிந்தது.
கடைசியில் தகரம், உள்வாங்கி.
எழுந்து நின்று அளந்தேன்:
என் தொடை உயரம்.

தூணா, மாடா,
ஆர்சி புக்கில் அதற்கொரு கட்டமில்லை.

கஜபதி விரல்முட்டியால் தட்டிக் கேட்டார்.
"பழைய அடி. சுத்தமா மறைச்சிருக்கான்.
நானே பண்ணதாக்கூட இருக்கும்."
சிரிக்கவில்லை.
"வெட்டி எடுத்துட்டு வேற தகரம் வைப்போம்.
கலரு?"

வெள்ளிதான் என்றேன்.

காந்தம் இப்போது ஃப்ரிட்ஜில்,
கழுவியும் போகாத மஞ்சள் தூளோடு
கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.