கூப்பிடு தூரம்

குல்டிகா தேவாலயத்தின் ஆர்கனுக்குச் சுருதி சேர்க்கப் போயிருந்தேன்.
எழுநூற்றுச் சொச்சம் குழாய்கள், நான்கு நாள் கூலி.
விரல் சூடு பட்டாலே ஈயக்குழாய் விலகிவிடும்,
அதனால் மார்ச்சிலும் கம்பளிக் கையுறை.
மணிக்கூண்டில் ஆண்டெனா கட்டியதற்குப்
பாதிரியாரிடம் சொன்ன காரணம்: ஈரப்பதம் அளக்க.
பொய்தான்.

சோப்புக்கட்டி அளவில் ஒரு மோடம்,
கையடக்க ரேடியோ, விசிறி இரையும் மடிக்கணினி.
பாதிரியார் வீட்டு வைஃபை
உள்ளிருந்து மட்டும் திறக்கும் கதவு.
வெளியிலிருந்து யார் தட்டினாலும் கேட்காது.
சரி, நாமே தட்டுவோம் என்று
இருபது வினாடிக்கு ஒருமுறை
டோல்மினில், என் வீட்டுப் பரணில் தூசி தின்னும் கணினியைத்
தட்டிக்கொண்டே இருந்தேன்.
முதல் இரவு போயிற்று. மறுநாள் திறந்தது.

அந்தப் பக்கம் யெர்னெய்.
ஆற்றுக்கு மேலே கடைசி வீடு, நாற்பது தேனீப் பெட்டி,
இணையம் ஏறிவராத சரிவு.
இந்தப் பக்கம், நான் முகம் பார்த்திராத குன்வால்டிஸ்,
பாவிலோஸ்தா கடற்கரையில் மீனுக்குப் புகை போடுகிறவர்.
நடுவே நாலு நாடு.
என் கம்பி நின்றவரை கூப்பிடு தூரம்.

உடைந்த ஜெர்மனில் பேசிக்கொண்டார்கள்.
ஒரு வரி போய், சேர்ந்ததென்ற சேதி திரும்புவதற்குள்
ஒரு மிடறு காப்பி குடிக்கலாம்.

அங்கே பனியா?
இல்லை, சேறு.
குளிரில் தேனீ தூங்குமா?
தூங்காது. கொத்தாகக் கூடி நடுங்கும். அதுவே அடுப்பு.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு,
நாங்கள் இரண்டு பேர் இருந்தவரை அப்படித்தான்.

படித்தேன், ஆமாம்.
இந்த அலையில் ஒளித்துப் பேசச் சட்டம் இடம் தராது.
ஒவ்வொரு பொட்டலமும் என்னைக் கடக்கையில்
என் அழைப்புக்குறி அருகே ஒரு நட்சத்திரக் குறி விழும்:
இவள் கை பட்டுப் போனது.
என் பங்கு அவ்வளவே.

வெள்ளிக்கிழமை. பேருந்து ஏழு ஐம்பதுக்கு.
ஏணியில் கால் வைத்தவள் திரையைப் பார்த்தேன்.
குன்வால்டிஸின் வரி ஒன்று சிக்கி நிற்கிறது.
ஓரத்துத் தேனீ செத்துப்போகாதா?
மறுமுயற்சி ஆறு.
யெர்னெய், எங்கே தொலைந்தாய், ரேடியோவை அணைத்தாயா?
எட்டு.
பாதிரியார் சாவிக்கொத்தோடு வாசலில்.
ஒன்பது. பத்து.
அறுந்தது.

அந்தக் கேள்வியை, அவருடைய எழுத்துப்பிழை மாறாமல்,
வீட்டுக் கணினியின் அஞ்சல்பெட்டியில் தட்டிவைத்தேன்.
கம்பியைச் சுருட்டினேன். பேருந்து
எனக்காக இரண்டு நிமிடம் நின்றதாக ஓட்டுநர் சொல்லிக்காட்டினார்.

ரீகா பேருந்து நிலையம்.
கைபேசியில் பெட்டியைத் திறந்தால் யெர்னெயின் பதில் கிடக்கிறது:
சாகாது. முறை வைத்து உள்ளே வரும்.

பதில் என்னிடம். கோபுரம் பின்னால்.
நூற்றைம்பது கிலோமீட்டர், என் ரேடியோ எட்டாது.
ஒரு அஞ்சலட்டை வாங்கி, அந்த இரண்டு வாக்கியத்தை எழுதி,
கீழே என் அழைப்புக்குறி,
பழக்கதோஷம், பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

ஐந்து நாள் ஆகும் என்றாள் தபால்தலை விற்றவள்.
பரவாயில்லை.
இங்கே யாரும் பத்துவரை எண்ணுவதில்லை.