பதினோராம் பக்கம்

வங்கியிலிருந்து கடிதம்:
ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது.
சக்கர நாற்காலி உள்ளே வருமா,
கண் தெரியாதவர் கதவைக் கண்டுபிடிப்பாரா,
தகுதியுள்ள ஒருவர் அளந்து எழுதித் தந்தால்
மேற்கொண்டு பேசலாம்.
இல்லையென்றால் வண்ணார்பேட்டையில் புதுக் கட்டிடம் இருக்கிறதாம்.

என் பெயர் குலசேகரவடிவு.
பாளையங்கோட்டை தெற்கு பஜாரில்
மூன்று மாடி, ஏழு வாடகை, ஒரு லிப்ட்.
லிப்டுக்குப் பாதி நாள் உறக்கம்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன்.

ஜங்ஷன் கொம்பையா பைக்கை அணைக்கவே இல்லை.
"நாலாயிரத்தி ஐநூறு. போட்டோ அனுப்புங்கம்மா,
சாயங்காலம் சர்டிபிகேட் போன்ல வந்துரும்.
சரிவுப்பாதைய எம் மச்சினனே கட்டுதாம்னா
அந்த நாலாயிரத்தி ஐநூறும் வேண்டாம்."
கத்தரிக்காயைக்கூட நான்
காம்பு பார்த்துத்தான் வாங்குவேன்.

சென்னைக் கம்பெனி ஒன்பது பக்கம் அனுப்பியது.
சதுர அடிக்கு இவ்வளவு, வரி தனி,
ரயில் தனி, அறை தனி, இரண்டு பேர் சாப்பாடு தனி.
கூட்டினால் எழுபத்தோராயிரம்.
திரும்ப வந்து பார்ப்போம் என்று
ஒன்பது பக்கத்தில் ஒரு வரி இல்லை.

மேலப்பாளையத்திலிருந்து செய்யது மீரான் வந்தார்.
பதினெட்டாயிரம். பாதி முன்பணம்.
"குறைக்க மாட்டீயளா?"
"குறைச்சா ஒரு மாடியக் குறைச்சுத்தான் பாக்கணும்."
"நீங்களே கட்டித் தருவீயளா?"
"கட்டமாட்டேன். கட்டுத ஆளு யாரையும் சொல்லவும் மாட்டேன்."
முன்பு அளந்த இடம் ஒன்று கேட்டேன்.
அம்பாசமுத்திரத்து ஜவுளிக்கடை எண்ணைத் தந்தார்.
அந்த முதலாளி பத்து நிமிடம் அவரை வைதார்:
கழிப்பறையை இடிக்க வைத்தான், கல்லாவை அறுக்க வைத்தான்,
ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டான் பாவி.
அவர் வைது முடிக்கும்போது
நான் முன்பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை முழுக்க அளந்தார்.
டேப், ரசமட்டம்,
மீன்காரர் வைத்திருப்பதுபோல் ஒரு வில் தராசு,
கதவை இழுக்க எத்தனை கிலோ வேண்டும் என்று.
என் சரிவுப்பாதையில் ரசமட்டத்தை வைத்தவர்
என்னைப் பார்க்காமல் எழுதினார்.
ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமாம்.
என்னுடையது நாலடி. சாமான் இறக்கக் கட்டியது.
சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறை
ஆறு படி ஏறி இருந்தது.
அதற்கு நானே சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

வாசல்படியில்தான் சண்டை.
நாலங்குலம். மஞ்சள் பூசி,
வெள்ளிதோறும் நான் தொட்டுக் கும்பிடுவது.
"இத மட்டும் விட்டுருங்க."
"படிய நீங்க விடுங்கம்மா, உங்க வாசல்.
அறிக்கையில என்னால விடமுடியாது."

அறிக்கை இருபத்தாறு பக்கம்.
வேலைக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம்.
இரண்டு ராத்திரி கணக்குப் போட்டேன்,
மூன்றாம் நாள் படியை அறுக்கச் சொன்னேன்.
மிஷின் அலறிய அலறலுக்குக்
கீழ்த்தளத்துப் பல் டாக்டர்
அந்த மாத வாடகையில் குறைக்கச் சொன்னார்.
வங்கி போகவில்லை.
வாடகை ஏற்றுவதைப் பற்றி மட்டும் இன்னும் பேச்சில்லை.

ஐப்பசியில் மழை உள்ளே வந்தது.
படி இருந்த இடத்தில் தண்ணீர் கட்டி நின்றது.
அலமாரியிலிருந்து அறிக்கையை எடுத்தேன்.
பதினோராம் பக்கம்:
வாசலுக்கு வெளியே வடிகால், மேலே இரும்புக் கிராதி, ஒன்பதாயிரம்.
மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் தாண்டிய பக்கம்.

தண்ணீரைத் தாண்டி
சேற்றில் இரண்டு கோடு
பல் டாக்டர் கதவுவரை போய்த்
திரும்பி வந்திருந்தது.
இதுவரை இந்தத் தரையில் அப்படி விழுந்ததில்லை.
வைதுகொண்டேதான் துடைத்தேன்.

மீரானுக்குப் போன் போட்டேன்.
"மறுபடி வர என்ன கேப்பீய?"
"அது பதினெட்டாயிரத்துலயே இருக்கும்மா.
நாளைக்கு வெள்ளி, தொழுகை முடிச்சுட்டு வாரேன்.
அதுவரைக்கும் தண்ணிய வடிச்சிராதீய.
எவ்வளவு நிக்குன்னு அளக்கணும்."