லிட்டர்

நெற்றியில் பவுடர் ஒற்றும்போது
எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.
அமைச்சரும் மூடினார்.
நைரோபியின் ஏழு மணி விவாதத்துக்கு
இன்னும் பதினோரு நிமிடம்.

அவர் நிறம் எனக்கு மனப்பாடம்.
கன்னத்துக்கு நான்காம் எண் டப்பா,
மூக்கோரம் ஐந்து.
மூன்று கட்சிகளாக
இந்த முகத்துக்குப் பூசி வருகிறேன்.

உதவியாளன் காகிதத்தைப் புரட்டினான்.
"விலை கேட்பார்கள் ஐயா.
போன வாரம் நிதித்துறை ஆள்
சோள மாவில் மாட்டிக்கொண்டு
ஊரே சிரித்தது."
மாவு படித்தாயிற்று. பால் படித்தாயிற்று.
சர்க்கரை, கிலோவுக்கு, சில்லறை சுத்தமாக.
தேர்வறை வாசலில் நிற்கும் பிள்ளை மாதிரி
உதடு அசைந்துகொண்டே இருந்ததில்
வெடிப்புக்குக் களிம்பு தடவ முடியவில்லை.

"எண்ணெய்?"

காகிதத்தில் விரல் மேலும் கீழும் ஓடியது.
எண்ணெயை எழுத மறந்திருக்கிறான்.

அப்போதுதான் கண் திறந்தார்.
மூன்று கட்சிக் காலத்தில் முதல் முறையாக
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.
"ஏம்மா, சமையல் எண்ணெய்
லிட்டர் என்ன விலை?"

பஞ்சு பாதி வழியில் நின்றது.

எனக்குத் தெரியவில்லை.

பைப்லைனில் எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தின் காலடியில்
முத்தேயுவின் கடை.
கம்பி வலைக்குள் ஒரு எண்ணெய்க் குழாய்.
இருபது ஷில்லிங் நீட்டினால்
இருபது ஷில்லிங்குக்கு இறங்கும்.
போன வருடம் குப்பியின் கழுத்துவரை வந்தது.
இப்போது லேபிளின் கீழ் விளிம்பு.
முத்தேயு விலையை ஏற்றுவதே இல்லை,
எண்ணெய்தான்
இறங்கிக்கொண்டே போகிறது.

மட்டாட்டு வேனுக்கோ விலை மேகத்தில் இருக்கிறது.
நாலு துளி விழுந்தால் போதும்,
ஐம்பது நூறு என்று கண்டக்டர் கூவுவான்.
வானிலை வாசிக்க வரும் பெண்ணுக்கு
மை தீட்டும் சாக்கில்
மழை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பேன்.

கீரைக்கு எங்கள் ஊரில் பெயர் சுகுமா விக்கி.
வாரத்தைத் தள்ளு என்று பொருள்.
தள்ளுகிறோம்.
வியாழக்கிழமை மட்டும்
அச்சு முறிந்த லாரி மாதிரி
அங்கேயே நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.
வாயில் வந்தது இவ்வளவுதான்:
"தெரியாதுங்க ஐயா,
நான் லிட்டரா வாங்கினதில்லை."

முதல் சொல்லோடு அவர் காது மூடிக்கொண்டது.
எந்த டப்பாவாலும் கொண்டுவர முடியாத பொலிவு
அந்த முகத்தில் தானாக ஏறியது.
"பாரப்பா, இவங்களுக்கே தெரியல!"
உதவியாளன் அதையும்
குறித்துக்கொண்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது.
மாவு கேட்டார்கள், சரியாகச் சொன்னார்.
பால், சரி.
சர்க்கரையில் அரை ஷில்லிங் பிசகு,
அதற்கே பார்வையாளர் வரிசையில் கைதட்டல்.
பிறகு எண்ணெய் வந்தது.

விரல்களைக் கோத்துக்கொண்டு
பக்கத்து வீட்டுக்காரர் போலச் சிரித்தார்.
"உழைக்கும் பெண் ஒருவரிடம்
இப்போதுதான் பேசிவிட்டு வருகிறேன்.
எண்ணெய் விலை அவருக்கே தெரியவில்லை.
அது அவ்வளவு பெரிய பாரமென்றால்
தெரியாமல் இருக்குமா?"

நெறியாளர் தலையசைத்தார்.
கேபிள் சுருட்டும் ஒச்சியெங் என் முழங்கையை இடித்தான்.
"மொரா, உன்னைத்தான் சொல்றார்."

தகரக் கூரையில் சடசடவென்று ஏதோ.
மழை.
நூறு ஷில்லிங்.

விளம்பர இடைவேளை தொண்ணூறு விநாடி.
அமைச்சர் நெற்றி மினுமினுக்கிறது, ஓடு என்றார்கள்.
ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டார்.
மெல்லிய தாளை வைத்து அழுத்தி
ஒற்றி எடுத்தேன்.

திரும்பி வரும் வழியில்
விளக்குக்கு எதிரே அதைப் பிடித்துப் பார்த்தேன்.
தாள் முழுக்க ஊறி
வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தது.
நல்ல எண்ணெய்.
முத்தேயுவின் அளவில்
இருபது ஷில்லிங்குக்குக்
குறையாது.